தெரியாதவளாக நின்ற ஊர்

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும்? மாலத்தீவில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஓர் அரசுப் பள்ளியில் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கேள்விகளைத் தயாராக வைத்திருந்தார்கள். "டீச்சர், பிளேன்ல ஜன்னலத் தொறக்க முடியுமா?" "அங்க கடலு நெஜமாவே பச்சையா இருக்குமா?" "எவ்ளோ சம்பளம் குடுத்தாங்க டீச்சர்?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆனால் அந்தத் தீவில் எனக்கு நேர்ந்தவற்றில் மிகப் பெரியதை அவர்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை நானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் அல்லர். 2021-22ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச் சின்னங்களில் தாஜ்மகாலைவிட மாமல்லபுரத்துக்கே அதிக வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது 180க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் எங்கள் சாலைகளில் நடந்தார்கள். சிற்பப் பட்டறையில் அப்பா செதுக்கிய பிள்ளையாருக்கு வெளிநாட்டுக்காரர் விலை கேட்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். உயரமான கட்டடங்களையும் சுத்தமான தெருக்களையும் பற்றி நான் சொல்வதைவிட அதிகமாகக் கைப்பேசி காட்டிவிடும்.

அவர்கள் பார்க்காதது ஒன்றுதான். ஐந்து ரதத்தின் முன் தொப்பியோடு நிற்கும் அந்த மனிதருக்கு, பேருந்துப் பலகையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பசித்தால் எதைக் கேட்பது என்று தெரியாது. ஊரில் பெரிய மருத்துவராக இருக்கலாம். இங்கே ஒரு டீ வாங்க விரலை நீட்டிக் காட்டும் குழந்தை. அந்த நிலையை உள்ளேயிருந்து அறிந்த ஒருவர் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு.

நான் போனது பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்த காலத்தில். மாலத்தீவுப் பள்ளிகளில் பாடங்கள் ஆங்கிலவழி. மேல்வகுப்புப் பிள்ளைகள் லண்டன், கேம்பிரிட்ஜ் தேர்வுகளை எழுதுவார்கள். பல பாடங்களுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை எடுப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சிறிது நேரத்தில் மாலே. அங்கிருந்து படகு. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள் கொண்ட நாட்டில் மக்கள் வாழ்வது சுமார் 190 தீவுகளில்தான். நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் அளவே. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து நின்றால் அந்த உயரம் வந்துவிடும் என்று சொன்னபோது, எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் குப்பங்களுக்குள் வந்த அதே ஆழிப்பேரலை அந்தத் தீவுகளையும் கடந்து போனது. மாமல்லபுரத்தில் ஏறி நிற்கக் கலங்கரை விளக்கக் குன்று இருந்தது. அங்கே ஏறுவதற்குக் குன்று என்பதே கிடையாது.

வகுப்பறைக்குள் நான் இயற்கணிதம் நடத்துபவள். மணி அடித்து வாசலைத் தாண்டினால் கடைப் பலகையைப் படிக்கத் தெரியாதவள். அந்நாட்டு எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அதன் 24 எழுத்துகளில் முதல் 9 அரபு எண்களின் வடிவங்களிலிருந்து பிறந்தவை. அடுத்த 9 அந்தத் தீவுகளின் பழைய எண்களிலிருந்து வந்தவை. எண்களே எழுத்தாகிவிட்ட ஒரு மொழி! கணக்கு டீச்சருக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. முதலில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றுகூடப் புரியாத கோடுகள்தாம்.

காய்ச்சல் வந்து தீவின் சிறிய மருத்துவமனைக்குப் போனேன். பணியில் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. தலைவலி என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். 'மூன்று நாளாக, இரவில் மட்டும்' என்பதை எந்த விரலால் காட்டுவது? எனக்கு என்ன செய்கிறது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை. எதிரே இருந்தவர் கண்ணில் நான் திணறிக்கொண்டு, பாதியில் நிறுத்தி, தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் தொழிலுக்கான பெரும்பாடம் கிடைத்தது. மொழி தெரியாமை வேறு, அறிவு இல்லாமை வேறு. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டிலும் ஆள் பேசாமல் இருப்பார், கேட்டதற்குத் தாமதமாகத் திரும்புவார், தவறான பக்கத்தைத் திறப்பார்.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு இரண்டாம் வகுப்புச் சிறுமி. மணலில் குச்சியால் எழுதிக் காட்டுவாள். எனக்கு வரவில்லை என்றால் அதே எழுத்தை இன்னும் பெரிதாக எழுதுவாள். குரலை உயர்த்த மாட்டாள். நான் தப்பாகச் சொன்னதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. நான் படித்த ஆசிரியப் பயிற்சியில் எந்தத் தாளிலும் கிடைக்காத பயிற்சி அது. கற்பிப்பவர் பொறுமையாக இருந்தால் கற்பவருக்குத் தன் மீதான மரியாதை குலைவதில்லை என்பதை நான் மாணவியாக இருந்து அறிந்தேன்.

இதைத்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பினேன். ஏனென்றால் எங்கள் வகுப்பறையிலேயே வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டு. ஏரிக்கரையோரம் குடிசை போட்டிருக்கும் இருளர் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழே பாதி அயல்மொழி. பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்காக ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் குடும்பத்துச் சிறுவனுக்குக் கரும்பலகை முழுவதும் நான் அந்தத் தீவில் பார்த்த கோடுகள்தாம். ஒடியாவோ வங்காளமோ பேசினாலும் இப்படி வந்தவர்களைப் பிள்ளைகள் 'இந்திக்காரன்' என்பார்கள். 'மந்தம்' என்ற சொல் இப்படிப்பட்ட பிள்ளைகள் மீது எவ்வளவு சுலபமாக விழுந்துவிடுகிறது என்பது ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும்.

அறிவு யாரிடம் இருக்கிறது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இதற்கு எங்கள் மாவட்டமே தந்திருக்கும் சான்று ஒன்று உண்டு. என் மாலத்தீவுக் கதையைவிட அதைத்தான் நான் அதிகமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்னர் பாம்புத்தோல் வியாபாரமும் நின்றுபோனதும், அதையே நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1978இல் தொடங்கிய இந்தச் சங்கம் அவர்களின் கைத்திறனை வேறு வழிக்குத் திருப்பியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு இந்திய மருத்துவமனைகளில் ஏற்றப்படும் மருந்தின் மூலப்பொருளில் பெரும்பங்கு இங்கிருந்து போனது.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். பர்மிய மலைப்பாம்புகள் அந்த மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. மாநில வனவிலங்கு ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்திருந்தன. பள்ளியில் முறையாகப் படிக்காத, ஆங்கிலம் தெரியாத இந்த இருவரும் மொழிபெயர்ப்பாளர்களோடு போய் இறங்கினார்கள். முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகள். கீ லார்கோவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றுக்குள்ளிருந்து 16 அடி நீளப் பெண் பாம்பைப் பிடித்தார்கள். மற்றவர்கள் சாலையோரமாகத் தேடிய இடத்தில் இவர்கள் புதருக்குள் நுழைந்து, மண்ணில் இழுபட்ட தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் போனார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பில் இருளர் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சடையனும் கோபாலும் வெளிநாடு சென்ற ஆசிரியர்கள். அப்படித்தான் அவர்களை நான் அறிமுகம் செய்கிறேன். ஃபுளோரிடாவில் கடைப் பலகை படிக்கத் தெரியாதவர்கள், அதே ஃபுளோரிடாவில் பேராசிரியர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். ஒரே மனிதருக்குள் தெரிந்தவரும் தெரியாதவரும் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள். எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

எதிர்த்திசையிலிருந்து இதே உண்மையைக் காட்டுபவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்து, ரோமில் இறையியல் படித்து, பல ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தவர். 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானபோது, தாய்மொழியைத் தாம் முறையாகப் படிக்கவே இல்லை என்பது அவரை உறுத்தியது. ரோம் வரை போய்ப் படித்த அந்தப் பாதிரியார் அந்தச் சிற்றூரில் தமிழாசிரியர் முன் மாணவராக உட்கார்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் பட்டம் பெற்றார். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று தமிழைப் பற்றிப் பேசிக்கொண்டே பயணம் செய்தார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர் அவரே. தாம் கண்ட நாடுகளை 'ஒன்றே உலகம்' என்ற பயண நூலாக எழுதி நம் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். இத்தனைக்கும் அடியில் இருப்பது, முப்பது வயதை ஒட்டிய ஓர் ஆசிரியர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி, தெரிந்தவரைத் தேடிப் போனதுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்தவருக்குத்தான் உலகம் திறக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சொல்வதோடு நிற்காமல் பிள்ளைகளை அந்த நிலையில் நிறுத்திப் பார்க்கவும் விரும்பினேன். எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் எனக்குத் தெரிந்த அளவில் மாலத்தீவின் திவேகி மொழியில் மட்டும் பேசினேன். "புத்தகத்தை எடுங்கள், இந்தப் பக்கத்தைத் திறங்கள், மூன்றாவது கணக்கைச் செய்யுங்கள்" என்றெல்லாம் அந்த மொழியில் சொன்னேன். முதலில் சிரிப்பு. அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதே சொற்களை வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். வகுப்பு அடங்கிப்போயிற்று. சிலர் எழுந்து நின்றார்கள், எதற்கு என்று தெரியாமலே. ஒடிசாச் சிறுவன் மட்டும் பதறவில்லை. என் கையையும் நான் பார்க்கும் திசையையும் கவனித்து, எல்லோருக்கும் முன்னால் சரியான பக்கத்தைத் திறந்துவிட்டான். தெரியாத மொழிக்குள் வழி கண்டுபிடிப்பதில் அந்த வகுப்பிலேயே பழகியவன் அவன்தானே. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்கள்.

மீண்டும் தமிழுக்கு வந்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: "நீங்க சத்தமா சொன்னப்போ பயமாத்தான் இருந்துச்சு டீச்சர். புரியல." உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளில் எவ்வளவு பரவியிருக்கிறது! அதற்கு எதிரான மிகத் தெளிவான வாதத்தை அந்தப் பெண் இரண்டு வரியில் வைத்துவிட்டாள். அடுத்த நாள் அந்தச் சிறுவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை ஒடியா எண்களில் எழுதினான். வட்டமும் வளைவுமாக அழகான எண்கள். எக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று அவன் சொல்ல வகுப்பு திருப்பிச் சொன்னது. அவற்றின் கீழே தமிழ் எண்களையும் எழுதினேன். நம் எண்களே நம்மில் பலருக்குத் தெரியவில்லை என்பதும் அன்று வெளியே வந்தது. எல்லோரும் சேர்ந்து கற்றோம்.

வெளிநாட்டுக் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊரை விட்டுப் போகும் ஆசையை ஊட்டுவதாகாதா என்று பெற்றோர் கேட்டதுண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் போவது இங்கே புதிதல்ல. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியில் நெடுங்காலம் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் இறைவன் கோயிலை வடிவமைத்தார். ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டிய கருங்கல் கோயிலுக்குத் துருப்பிடிக்கும் இரும்பு ஆகாது என்பது சிற்ப மரபின் அறிவு. இரும்புக் கம்பி இல்லாமல், நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் நான்கு அடி கனத்தில் விரிசல் விடாத அடித்தளத்தை 1999இல் போட்டுக் கொடுத்தது கலிஃபோர்னியாவில் இருந்த இந்தியப் பொறியாளர் ஒருவரின் அறிவு. ஒருவர் மற்றவரிடம் கேட்டுக்கொண்டதால் கோயில் எழுந்தது. 2023இல் குடமுழுக்கும் நடந்தது. எங்கள் வகுப்பிலும் அப்பா எங்கோ ஒரு நாட்டுக் கோயிலில் கல் வேலை செய்ய, அவரைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போகிறவர்களைத் தடுப்பதைவிட, தெரிந்து போகச் செய்வது நல்லது. அதனால் வேலையின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில், வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதற்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. தேறியவருக்கு அது தேவையில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பாஸ்போர்ட்டையே மாற்றிவிடுகிறது என்று கேட்டதும், படிப்பை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுமதி நம்மைத் தடுக்கும் வேலி அல்ல, வேலை ஒப்பந்தத்தை அரசு பார்த்துச் சரி என்று சொல்லும் பாதுகாப்பு என்பதையும், சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்துப் போகிறேன் என்பவரை நம்பக் கூடாது என்பதையும் சொல்கிறேன். என் சம்பளத்தையும், அதில் வீட்டுக்கு அனுப்பியது போக மீந்ததையும், பண்டிகை நாளில் தீவில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்கிறேன். கடலின் நிறத்தைச் சொன்னவர் இதையும் சொன்னால்தான் அது முழுக் கதை.

தமிழக அரசு இப்போது நல்ல மாணவர்களையும் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களையும் வெளிநாட்டுக் கல்விப் பயணம் அழைத்துப் போகிறது. 2024 அக்டோபரில் 50க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பிரான்சுக்குப் போய் வந்தார்கள். கிராமத்துப் பள்ளியின் ஓர் ஆசிரியர் அந்நாட்டு அருங்காட்சியகங்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தம் வகுப்புக்குள் நுழைவது எவ்வளவு பெரிய நன்மை! அப்படிப் போய் வருகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். பார்த்ததைச் சொல்லுங்கள், அதோடு, புரியாமல் நின்ற இடத்தையும் சொல்லுங்கள். எந்த நிலையத்தில் வழி தெரியாமல் போயிற்று, யார் நின்று உதவினார், அவர் எப்படிப் பேசியபோது உங்களுக்குத் தைரியம் வந்தது என்பதைச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்கள் ஆசிரியரை எப்போதும் தெரிந்தவராகவே பார்க்கிறார்கள். அவரும் தெரியாமல் நின்றார், அதனால் குறைந்துபோகவில்லை, கேட்டுக் கற்றார் என்று அறிவது ஒரு பிள்ளைக்கு எந்தக் கோபுரத்தின் உயரத்தைவிடவும் பயன்படும்.

எங்கள் வகுப்பில் இதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்திருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால், முதல் வாரம் அதன் பக்கத்தில் உட்காரும் துணையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். துணைக்கு இரண்டு வேலை. பள்ளியில் தேவைப்படும் தமிழ்ச் சொற்களைக் குரல் உயர்த்தாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதியவரின் மொழியில் பத்துச் சொற்களைத் தானும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். கற்றுக்கொள்பவர் மட்டுமே எப்போதும் கீழே இருக்கும் வகுப்பில் நட்பு வளராது. இருவரும் மாறி மாறித் தெரியாதவராகும்போது வளர்கிறது. நாளை இவர்களில் யார் சிங்கப்பூருக்குப் போவார்கள், யார் பூஞ்சேரியிலேயே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. போகிறவர்கள் அங்கே தயங்காமல் கேட்கவும், இருப்பவர்கள் இங்கே வந்து நிற்கிறவரை மந்தம் என்று நினைக்காமல் இருக்கவும் பழகிவிட்டால், அந்தத் தீவில் நான் வேலை பார்த்ததன் பயனை என் மாணவர்களிடம் சேர்த்துவிட்டேன் என்று கொள்வேன்.